கழித்துக்கொள்ள வேண்டிய இரைச்சல்

ஜூன் 3, திங்கள்

காலையில் என் மகள் தில்லை சென்னையிலிருந்து அழைத்தாள். இப்போது வரும் கைப்பேசிகளில் குரல் தெளிவாக இருப்பதில்லை. எழுதி அனுப்பச் சொன்னேன். பத்து நிமிடத்தில் நீளமாக எழுதிவிட்டாள்.

மருத்துவமனை வேலையை விடப் போகிறாளாம். மூன்று ஆண்டுகளாக அங்கே ஆடியாலஜிஸ்ட்; அதாவது யாருக்கு எவ்வளவு காது கேட்கிறது என்று சோதித்துச் சொல்பவள். சிறிய ஊர்களுக்குப் போய்த் தொழில் தொடங்கும் இளைஞர்களுக்கு ஓர் அறக்கட்டளை கருவிகள் கொடுக்கிறது. ஊரையும் அறையையும் தேர்ந்தெடுத்து இம்மாதம் இருபதாம் தேதிக்குள் அவள் சொல்ல வேண்டும். அதன் பிறகு ஊரை மாற்ற முடியாது. நிபந்தனை ஒன்றுதான்: அறை அமைதியாக இருக்க வேண்டும். அவர்கள் ஆள் வந்து சத்தத்தை அளப்பார். அளவு மீறினால் கருவிகள் வரிசையில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும்.

மூன்று ஊர்கள் குறித்திருக்கிறாள். காரைக்குடி, தென்காசி, நாமக்கல் பக்கம் வெள்ளியம்பாளையம். அவளுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. "நீங்க போய்ப் பாத்துச் சொல்லுங்கப்பா. நேர்ல போய் சரிபாக்கறதுதான உங்க வேல" என்று முடித்திருந்தாள்.

உண்மைதான். முப்பத்தோரு ஆண்டு புள்ளியியல் துறையில் அதைத்தான் செய்தேன். ஆனால் நான் சொல்லும் எண்ணை நம்பி ஒருத்தி தன் வாழ்க்கையை எடுத்துக்கொண்டு போய் ஓர் ஊரில் வைப்பது இதுதான் முதல் முறை. பயமாக இருக்கிறது.

சாதம் இன்றும் அடிப்பிடித்துவிட்டது. குக்கருக்கு இது மூன்றாவது வெயிட். இதிலும் விசில் வரவில்லை. கடைக்காரர் நன்றாகத்தானே இருக்கிறது என்கிறார். இனிமேல் கடிகாரம் பார்த்து இறக்க வேண்டும். பதினான்கு நிமிடம்.

ஜூன் 4, செவ்வாய்

இதை இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். மூன்று ஆண்டுகளாக என் காதில் ஓர் இரைச்சல் இருக்கிறது. தூரத்தில் ஒரு மோட்டார் ஓடுவது போல. பகலிலும் ஓடும், தூங்கும்போதும் ஓடும். மற்றபடி காதுக்கு ஒன்றுமில்லை.

தில்லையிடம் சொல்லவில்லை. அவள் அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது, பெங்களூரில் கிடைத்த நல்ல வேலையை விட்டுவிட்டு இரண்டு ஆண்டு கடலூரில் என்னோடு இருந்தாள். காதில் இரைச்சல் என்றால் மறுபடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு இங்கேயே வந்துவிடுவாள். காமாட்சி போன பிறகு வீடு ஒரேயடியாக அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில் இரைச்சல் பெரிதாகத் தெரிகிறது. அவ்வளவுதான் விஷயம்.

ஜூன் 6, வியாழன்

அட்டவணை தயார். பத்துப் பத்திகள்: தண்ணீர், பேருந்து, நடைபாதை, மருத்துவர் வசதி, வீட்டுக்காரர் குணம், பெண் தனியாக இருப்பதற்குப் பாதுகாப்பு, மக்கள் பேச்சின் தெளிவு, கடை, மின்சாரம், அமைதி. ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண்.

அமைதியை எப்படி அளப்பது என்பதுதான் சிக்கல். சத்தத்தை அளக்கும் செயலி ஒன்றைத் தில்லை கைப்பேசிக்கு அனுப்பினாள். மின்விசிறியைப் போட்டுவிட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்து சோதித்தேன். ஈ பறக்கும் சத்தம்கூட இல்லாத என் வீட்டில் அது அறுபத்திரண்டு காட்டுகிறது! பயனில்லை, நீக்கிவிட்டேன். (பக்கத்து வீட்டுக்காரர் இந்த மின்விசிறியைப் பற்றி ஏதோ குறைப்பட்டார். வேறு வேலை இல்லாதவர்.)

என் முறை இது: நாற்காலியில் கண்ணை மூடி இருபது நிமிடம் உட்கார வேண்டும். கேட்பதில் என் காதின் சொந்த இரைச்சலைக் கழித்துக்கொள்ள வேண்டும். கருவியில் பிழை இருக்கிறது என்று தெரிந்தால் அதைக் கழித்துவிட்டுக் கணக்கிடுவதுதான் முறை.

பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். 1989 சம்பாவைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

ஜூன் 9, ஞாயிறு. காரைக்குடி

வீடு நல்ல வீடு. கனமான சுவர். ஆனால் இந்த ஊர் மக்கள் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள். டீக்கடையில் மூன்று முறை கேட்டும் வழி புரியவில்லை. நான் பிறவியிலேயே மெல்லிய குரல்காரன். பள்ளியில் "சத்தமா சொல்லுடா வைத்திலிங்கம்" என்று அடி வாங்கியவன். அப்படிப்பட்ட நான் பேசினாலே எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். விடுதி மேலாளர் என் காதருகே குனிந்து, "அண்ணே, பக்கத்துலதான நிக்கிறேன்" என்றார். என்ன சொல்ல வருகிறார் என்று விளங்கவில்லை.

பேச்சின் தெளிவு: 3. அமைதி: 8.

ஜூன் 11, செவ்வாய். தென்காசி

சாரல் தொடங்கிவிட்டது. பேருந்தில் தில்லையோடு கைப்பேசியில் இரண்டு வார்த்தை பேசினேன், ரகசியம் போலத்தான். இறங்கும்போது முன் இருக்கை அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்து, "கவலப்படாதீங்க ஐயா, உங்க மகளுக்கு நல்ல எடமா அமையும். மாப்பிள்ளையும் அமைவாரு" என்றார். திடுக்கிட்டுவிட்டேன். தில்லைக்கு இன்னும் மணமாகவில்லை என்பது இவருக்கு எப்படித் தெரியும்? இந்த ஊரில் முன்பின் தெரியாதவர்களுக்குக்கூட நம் விஷயம் தெரிந்திருக்கிறது.

பாதுகாப்பில் இரண்டு மதிப்பெண் குறைத்தேன்.

ஜூன் 13, வியாழன். வெள்ளியம்பாளையம்

மனசு நிறைந்திருக்கிறது.

பேருந்து நிலையத்தில் இறங்கியதிலிருந்து ஒருவர் சொன்னதையும் நான் இரண்டாம் முறை கேட்கவில்லை. எவ்வளவு தெளிவான பேச்சு! விசைத்தறி ஊர். தெருவுக்குத் தெரு தறிப்பட்டறைகள். ஆனால் சத்தம் நான் பயந்த அளவுக்கு இல்லை. என் காதில்தான் காலையிலிருந்து இரைச்சல் கூடியிருக்கிறது. ஏழு மணி நேரப் பேருந்து. இந்த வயதில் கூடாமல் என்ன செய்யும்?

நான் பேசியபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதையும் குறித்துக்கொண்டேன்.

வீட்டுக்கார அம்மாள் பெயர் பாவாயம்மாள். அறுபது வயது இருக்கும். கணவர் செங்கோடன் முன்கூடத்தில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். அந்தம்மாள் வாசலிலேயே வரவேற்றார்.

"வாங்க சார், உள்ள வாங்க! வெயில்ல வந்திருக்கீங்க. மோர் குடிக்கறீங்களா?"

ஒவ்வொரு எழுத்தும் மணி மணியாகக் கேட்டது.

"அம்மிணி தனியாத்தான் இருக்குமுங்களா? நாங்க பக்கத்துலயே இருக்கறமுங்க. ஒண்ணும் கவலப்படாதீங்க."

தெருப்பக்கம் ஓர் அறை, பின்னால் ஒன்று, சமையலறை. பின்னறைதான் சோதனை அறைக்கு ஏற்றது. நாற்காலி போட்டு இருபது நிமிடம் உட்கார்ந்தேன். என் இரைச்சல் இதுவரை இல்லாத அளவுக்கு இருந்தது. மேசையில் இருந்த டம்ளர்த் தண்ணீரில் சின்னச் சின்ன வளையங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. என் கை நடுக்கம் மேசை வரைக்கும் போகிறது போலும். வெட்கமாக இருந்தது. இவை எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால், அறையில் எந்தச் சத்தமும் இல்லை.

கிளம்பும்போது பாவாயம்மாள், "எங்களுக்கெல்லாம் பழகிப்போச்சுங்க. அம்மிணிக்கு நாலு நாளைக்குச் செரமமா இருக்கும். அப்பறம் அதுக்கும் பழகிக்குமுங்க" என்றார். வெயிலைச் சொல்கிறார்.

பேச்சின் தெளிவு: 10. அமைதி: 9. (முழு மதிப்பெண் போடும் துணிச்சல் எனக்குக் கிடையாது. பேச்சுக்கு மட்டும் போட்டேன்.)

ஜூன் 16, ஞாயிறு

வெள்ளியம்பாளையம் 84. காரைக்குடி 71. தென்காசி 69. மூன்று முறை கூட்டிப் பார்த்தேன்.

தில்லை எழுதிக் கேட்டாள்: "தறி ஓடற ஊராச்சேப்பா, அந்த ரூம்ல சத்தம் வரலையா?"

இருபது நிமிடம் உட்கார்ந்து பார்த்ததை எழுதினேன். முறையைக் கேட்டால் என்ன சொல்வது என்று பயந்தேன். அவள் முறையைக் கேட்கவில்லை. "நீங்க பாத்தா சரிதான்ப்பா" என்று மட்டும் எழுதினாள்.

ஜூன் 20, வியாழன்

அறக்கட்டளைக்கு ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டாள். வேலையையும் விட்டாயிற்று.

ஜூலை 7, ஞாயிறு. வெள்ளியம்பாளையம்

தில்லை சாமான்களோடு வேனில் சென்னையிலிருந்து வந்தாள். நான் கடலூரிலிருந்து குக்கரும் பாயும் எடுத்துக்கொண்டு பேருந்தில் வந்தேன். பத்து நாள் கூட இருந்து வீட்டை ஒழுங்குபடுத்திக் கொடுத்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம்.

பொங்கலுக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறேன். மெலிந்திருக்கிறாள். பின்னறைக்குள் போய்க் கண்ணை மூடி நின்றாள். பிறகு வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, "சூப்பர்ப்பா! ஆஸ்பத்திரியில கூட இப்படி ரூம் இல்ல" என்றாள்.

என் காதும் இன்று அடங்கியிருக்கிறது. இந்த ஊர் ஒத்துக்கொள்கிறது.

அளக்க வருபவர் வியாழக்கிழமை வருகிறார்.

ஜூலை 8, திங்கள்

காலை ஏழு மணி. என்னால் எழுத முடியவில்லை.

அதே நாள், மாலை

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

ஆறு மணிக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். தில்லை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பின்னறையிலிருந்து ஓடி வந்தாள். வாய் அசைகிறது. பாம்போ என்று நினைத்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், பின்சுவரில் என் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். ஓடும் பேருந்தின் சன்னல் கம்பி போலச் சுவர் அதிர்ந்தது.

என் முகத்துக்கு நேராக வந்து கேட்டாள்: "இது என்னப்பா?"

எனக்கு என்ன தோன்றியதோ, இத்தனை நாள் மறைத்ததைச் சொல்லிவிட்டேன். "இது எனக்கு எப்பவும் இருக்கறதும்மா. காதுல. மூணு வருஷமா இருக்கு. நீ பதறாத."

சொல்லி முடித்த பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். என் காதில் இருப்பது சுவருக்குள் எப்படிப் போகும்?

தில்லை என் கையை விட்டுவிட்டாள். சுவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இந்தச் சத்தம் உங்களுக்குக் கேக்குதா, கேக்கலையா?"

"கேக்குது. ஆனா என்னோடதுன்னு நெனச்சேன். கழிச்சுட்டேன்."

"என்னத்த கழிச்சீங்க?"

அட்டவணையைக் கொண்டுவந்து காட்டினேன். அவள் அதைக் கையில் வாங்கவில்லை.

அப்போது பாவாயம்மாள் மோர்ச் சொம்போடு சிரித்துக்கொண்டே வந்தார். "ஆறு மணிக்கு ஆரம்பிச்சா ராத்திரி எட்டு வரைக்கும் ஓடுமுங்க. பின்னாடி எங்க கொழுந்தனாரு பட்டறை, பதினாறு தறி. நேத்து ஞாயித்துக்கெழம, லீவுங்க. நான்தான் சார்கிட்ட அன்னிக்கே சொன்னனுங்களே, பழகிக்கும்னு!"

அவர் போன பிறகு, தில்லை என்னைத் தெருப்பக்க அறையில் சுவரைப் பார்த்து உட்கார வைத்துவிட்டு எனக்குப் பின்னால் போனாள். நான் காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு முன்னால் வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"ஆறு தடவ கூப்ட்டேன்ப்பா."

ஒரு தடவைகூட எனக்குத் தெரியவில்லை. ஒரு தடவைகூட.

ஜூலை 9, செவ்வாய்

ஊரை மாற்ற முடியாது. நாளை மறுநாள் ஆள் வருகிறார். வேலை போய்விட்டது. அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டினாளோ என்னவோ, எனக்குத் தெரியாது. இனி எதையும் நிச்சயமாகச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

மதியம் சாப்பிடும்போது, இந்த அறையை எப்படியாவது பஞ்சு வைத்து அடைத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். தில்லை தட்டைக் கீழே வைத்தாள்.

"அப்பா, கத்தாதீங்க."

"நானா?"

"நீங்கதான். ரொம்ப நாளா இப்படித்தான் பேசறீங்க."

"நான் மெதுவாப் பேசறவன்மா."

"இல்லப்பா." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "போன்ல பேசினா எடுத்தவுடனே 'எழுதி அனுப்பு'ன்னுடுவீங்க. நேர்ல வந்தா கத்துவீங்க. அம்மா போனப்பறம் தனியா இருந்து இருந்து இப்படி ஆயிட்டீங்கன்னு நெனச்சேன். காது பாக்கறதுதான் என் வேல. எனக்கே தோணல பாருங்க."

அவள் அழுதாள். நான் வேறொன்றை நினைத்து உறைந்து போயிருந்தேன். தென்காசிப் பேருந்தில் அந்த அம்மாளுக்கு எப்படித் தெரிந்தது என்பது இப்போது தெரிந்துவிட்டது. அந்தப் பேருந்து முழுவதற்கும் தெரிந்திருக்கும். மூன்று ஆண்டுகளாக வங்கியில் காசாளரிடம் தனியாகக் கேட்டவை, மருந்துக் கடையில் மூலத்துக்குக் களிம்பு மெதுவாகக் கேட்டது, காமாட்சியின் முதல் நினைவு நாளில் அவள் படத்துக்கு முன்னால் நின்று எனக்குள் சொல்லிக்கொண்டவை. அன்று வாசலில் பந்தல்காரர்கள் நின்றிருந்தார்கள். ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார்.

இதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஜூலை 10, புதன்

தில்லை காலையில் கிளம்பித் தறித் தெருவில் வீடு வீடாகப் போனாள். இரண்டு மணிக்குத் திரும்பி வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டாள்.

"இந்த ஊருக்குப் பேச்சுத் தெளிவுன்னு பத்துக்குப் பத்து போட்டிருக்கீங்களே."

"ஆமா." (மெதுவாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.)

"அது தெளிவு இல்லப்பா. யாருக்கும் சரியா காது கேக்கல. அதான் கத்தறாங்க. சாப்பாட்டுக்குத் தறி நின்னப்ப இருபத்திமூணு பேருக்குப் பின்னாடி நின்னு மெதுவா பேரச் சொல்லிக் கூப்ட்டேன். திரும்பினது அஞ்சு பேர். பத்தொம்பது வயசுப் பொண்ணு ஒருத்தி, தறியில நாலு வருஷமா நிக்கிறா, அவளும் திரும்பல. கேட்டா 'தறின்னா அப்படித்தாங்க்கா'ங்கறா."

ஓர் ஊரின் நோயைப் பார்த்து, அதற்கு முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன். மனசு நிறைந்திருக்கிறது என்று வேறு எழுதியிருக்கிறேன். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். என் கையெழுத்துதான்.

சாயங்காலம் பாவாயம்மாள் நாளிதழோடு வந்தார்.

"அம்மிணி, சாமி கண்ணத் தொறந்துருச்சு! நாளைக்கு மாசாந்தரக் கரண்ட் கட்டுங்க. ஒம்பதுலருந்து அஞ்சு வரைக்கும் ஒத்தத் தறி ஓடாது. உங்க ஆளு வந்து நல்லா அளந்துட்டுப் போகட்டும்!"

தில்லை வேண்டாம் என்று சொல்லவில்லை. நாளிதழை வாங்கி அந்த அறிவிப்பை இரண்டு முறை படித்தாள்.

இந்த நிலைக்கு அவளைக் கொண்டுவந்தவனே நான்தான். நான் என்ன சொல்ல?

ஜூலை 11, வியாழன்

1989 சம்பாவை எழுதிவிடுகிறேன். ஒரு கிராமத்தில் விளைச்சலை மதிப்பிட, ஏதோ ஓர் எண்ணைக் குலுக்கி எடுத்து அந்த இடத்தில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, உள்ளே இருப்பதை அறுத்து நிறுக்க வேண்டும். எண் காய்ந்த மூலையில் விழுந்தது. மேலதிகாரி, "அந்தப் பச்சையா இருக்கற பக்கம் கயித்தைக் கட்டுய்யா" என்றார். கட்டினேன். நல்ல விளைச்சல் என்று பதிவானது. அந்த ஊருக்கு வறட்சி நிவாரணம் வரவில்லை. வயல்காரர் வரப்பில் நின்று நான் கயிறு கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்; ஒன்றும் பேசவில்லை. காமாட்சியிடம்கூட இதைச் சொன்னதில்லை.

இன்று பதினொரு மணிக்கு அறக்கட்டளையிலிருந்து அருள்தாஸ் என்பவர் வந்தார். முப்பது வயதிருக்கும். கோயம்புத்தூர்க்காரர். மூன்று கால் தாங்கியில் கருவியை வைத்தார். ஊரே அடங்கியிருந்தது. சுவரில் கை வைத்துப் பார்த்தேன். சும்மா இருந்தது. என் காதில் என்னுடைய இரைச்சல் மட்டும். இரண்டுக்கும் வித்தியாசம் இப்போதுதான் தெரிகிறது.

"நாப்பதுக்குள்ள இருந்தா போதும் மேடம். உங்களுக்கு முப்பத்திமூணு காட்டுது. ரொம்ப நல்லா இருக்கு" என்று படிவத்தை எடுத்தார். "இங்க ஒரு கையெழுத்து."

தில்லை பேனாவைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

எனக்கு வரப்பில் நின்ற அந்த மனிதர் முகம் வந்தது. அதிகாரிக்கு எதிரில் நான் வாய் திறந்ததே கிடையாது.

"சார், இன்னிக்குக் கரண்ட் இல்ல. அதான் தறி ஓடல. சுவத்துக்கு அந்தப் பக்கம் பதினாறு தறி இருக்கு."

ரகசியமாகத்தான் சொன்னேன். வாசலில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்ததில், எவ்வளவு ரகசியமாகச் சொன்னேன் என்பது தெரிந்தது.

"ஏனுங் சார்! வாய வெச்சுட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா!" என்று பாவாயம்மாள் தலையில் அடித்துக்கொண்டார்.

அருள்தாஸ் தில்லையிடம் கேட்டார். "உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் படிக்க முடியவில்லை. பிறகு பேனாவை மூடினாள். "தெரியும் சார். சொல்லியிருக்கணும்." அப்புறம் அந்த இருபத்திமூன்று பேரைப் பற்றிச் சொன்னாள். பத்தொன்பது வயதுப் பெண்ணைப் பற்றிச் சொல்லும்போது குரல் தடுமாறியிருக்க வேண்டும். தொண்டை ஏறி இறங்கியது.

அவர் படிவத்தை வாங்கிக்கொண்டார். பிறகு அதைக் கிழித்துப் பையில் போட்டார்.

"கரண்ட் இல்லாததால அளக்கலைன்னு எழுதிக்கறேன். இருபதாம் தேதி வர்றேன். வேற ரூம் பாத்து வைங்க. அன்னிக்குத் தறி ஓடணும். அன்னிக்கும் தாண்டுச்சுன்னா வரிசையில அடுத்து இருக்கற தர்மபுரிக்காரருக்குப் போயிரும். அப்பறம் நான் ஒண்ணும் செய்ய முடியாது."

அவர் போன பிறகு தில்லை என் அருகில் வந்து உட்கார்ந்தாள். நீண்ட நேரம் பேசவில்லை. அல்லது பேசினாளோ?

ஜூலை 14, ஞாயிறு

அறை தேடுகிறோம். பாவாயம்மாள் என்னோடு பேசுவதில்லை. செங்கோடன் எப்போதும் போலத் தொலைக்காட்சி பார்க்கிறார். தில்லை சொல்லித்தான் தெரியும், அது தெருமுனை வரை கேட்குமாம்.

ஜூலை 17, புதன்

அறை அமைதியா என்று சொல்ல எனக்கு இனி உரிமை இல்லை. ஆனால் சும்மா இருக்கவும் முடியவில்லை. போகிற இடமெல்லாம் ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்துத் தரையில் குந்திப் பார்க்கிறேன். ஆறு அறை பார்த்தாயிற்று. ஆறிலும் வளையம் ஓடுகிறது. அன்று மேசையில் பார்த்த அதே வளையங்கள். கண் அன்றைக்கே சொன்னது. நான்தான் கையின் மேல் பழியைப் போட்டேன்.

ஜூலை 18, வியாழன்

பாவாயம்மாளுக்குக் கோபம் ஆறிவிட்டது. வாசலில் வந்து நின்றார்.

"அம்மிணி, எங்க சின்ன மாமன் கட்டடத்துல முன்னால பேங்க் இருந்துச்சுங்க. போன வருசம் காலி பண்ணிட்டாங்க. நகையெல்லாம் வெச்சுப் பூட்டற ரூமு ஒண்ணு அப்படியே கெடக்குது. ஒண்ணரை அடி காங்கிரீட்டு செவுரு. சன்னலே கெடையாது. அதைய இடிக்கவும் முடியல, வாடகைக்கு விடவும் முடியலன்னு மாமன் பொலம்பிட்டுக் கெடக்கறாரு. பாக்கறீங்களா?"

ஓடினோம். தில்லை உள்ளே போய் இரும்புக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியே நின்றேன். ஐந்து நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. டம்ளரை என்னிடம் நீட்டினாள்.

தரையில் வைத்துக் குந்தினேன். தண்ணீர் கண்ணாடி போல நின்றது.

ஜூலை 20, சனி

தறிகள் ஓடும்போது முப்பத்தொன்று. கையெழுத்தாகிவிட்டது. மூன்று முறை காட்டச் சொல்லிப் பார்த்தேன். அருள்தாஸ் சலிக்காமல் காட்டினார்.

ஜூலை 29, திங்கள்

கருவிகள் பொருத்தியாயிற்று. முதல் சோதனை எனக்கு. எனக்கு விருப்பமில்லை, அந்தப் பத்தொன்பது வயதுப் பெண்ணுக்குச் செய் என்றேன். அவள் நாளைக்கு வருகிறாள் என்றாள் தில்லை.

காதில் மூடியை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். அவ்வளவுதான். எங்கோ ஏதோ கேட்பது போல இருந்தது. அமுக்கவில்லை. நிச்சயமாகத் தெரியாததை எப்படிப் பதிவு செய்வது?

தில்லை மூடியைத் தூக்கி, என் முகத்துக்கு நேராக வந்தாள். "சந்தேகமா இருந்தாலும் அமுக்குங்கப்பா."

"அது உன் மிஷின் சத்தமா, என்னோடதான்னு எப்படிம்மா தெரியும்?"

கொஞ்சம் யோசித்தாள். "உங்களோடது எப்பவும் இருக்கும். என்னோடது வந்து வந்து போகும்."

மூடியை மறுபடி மாட்டினாள். கண்ணை மூடிக்கொண்டேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள்ளே, வெகு தூரத்தில், ஏதோ ஒன்று வந்தது. போனது. அமுக்கினேன். மறுபடி வந்தது. சந்தேகத்தோடு அமுக்கினேன். அப்புறம் சந்தேகத்தோடேயே அமுக்கிக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் வரைபடத்தைக் காட்டினாள். விளக்க வந்தவளைக் கையமர்த்தினேன். வாழ்நாள் முழுவதும் வரைபடம் பார்த்தவன். கோடு இடப்பக்கம் கொஞ்ச தூரம் நடந்து, அப்புறம் கிணற்றில் விழுந்ததுபோல் இறங்கியிருந்தது. இத்தனையையும் இழந்துவிட்டு, மற்றபடி காதுக்கு ஒன்றுமில்லை என்று எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"உன் குரல் இதுல எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

அவள் விரல் வைத்த இடம் கோட்டுக்கு மேலே இருந்தது. கோட்டுக்கு மேலே இருப்பது எனக்குக் கேட்காதது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

நேற்று காது மிஷின் மாட்டிவிட்டாள். இரண்டு பக்கமும். நாளிதழைத் திருப்பினால் ஓலை கிழிவது போல இருக்கிறது. என் செருப்புச் சத்தத்துக்கு நானே திரும்பிப் பார்த்தேன்.

தில்லை பேங்க் கட்டடத்து அறையில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமையிலும் பதினொரு பேர் வந்து காத்திருக்கிறார்கள். நான் அரிசி களைந்து குக்கரை ஏற்றிவிட்டு, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு காய் நறுக்கினேன். பதினான்கு நிமிடம்.

ஒன்பதாவது நிமிடத்தில் அடுப்பின் பக்கமிருந்து யாரோ கழுத்தை நெரித்தது போல ஓர் அலறல். கத்தி கையிலிருந்து விழுந்தது. எழுந்து வாசல் வரை ஓடிவிட்டேன். பாவாயம்மாள் எட்டிப் பார்த்து, "என்னங் சார்?" என்று கத்தினார். அதுவும் இடி போல இருந்தது.

மறுபடி அலறியது.

உள்ளே போய்ப் பார்த்தேன். வெயிட் ஆடிக்கொண்டிருந்தது. அதே மூன்றாவது வெயிட். முதல் இரண்டும் கடலூரில் அலமாரியில் இருக்கின்றன.

மூன்றாவது விசில் வரும்வரை நின்று கேட்டுவிட்டு, அடுப்பை அணைத்தேன்.